கையசைப்பவர் என்ன செய்கிறார்? பியேர் பூலெஸ் வழியாக ஓர் எளிய விளக்கம்

2025 மார்ச்சில் இளையராஜா தன் சிம்பொனியை லண்டனில் அரங்கேற்றியபோது, நம்மூரில் டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் மேற்கத்தியச் செவ்வியல் இசையைப் பற்றிப் பேச்சு நடந்தது. எனக்கு அதில் நிறைய மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பேச்சுகளில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன, கிடைத்த பதில்களோ பெரும்பாலும் குத்துமதிப்பானவை. முதல் கேள்வி: முன்னால் நின்று கையை ஆட்டுகிறாரே, அவர் இல்லாவிட்டால் வாசிக்கவே முடியாதா? இரண்டாவது: எழுதியவர் ஒருவர், நடத்துகிறவர் இன்னொருவர் என்றால் அந்த இசை யாருடையது?

இரண்டுக்கும் ஒரே மனிதரின் வாழ்க்கையை வைத்துப் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். பிரான்ஸைச் சேர்ந்த பியேர் பூலெஸ். 1925 மார்ச் 26 அன்று பிறந்தவர், 2016 ஜனவரி 5 அன்று மறைந்தவர். எழுதுகிற வேலை, நடத்துகிற வேலை இரண்டையும் உச்சத்தில் செய்தவர். ஒன்று மற்றொன்றை எப்படி மாற்றுகிறது என்பதை இவருடைய வாழ்க்கையில் தெளிவாகப் பார்க்கலாம்.

சொற்களிலேயே உள்ள சிக்கல்

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். நமக்கு 'இசையமைப்பாளர்' என்றால் சினிமாதான் நினைவுக்கு வரும். மெட்டுப் போடுவது, பாடகரைத் தேர்ந்தெடுப்பது, ஒலிப்பதிவை மேற்பார்வை பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மேற்கத்தியச் செவ்வியல் மரபில் அந்தச் சொல்லின் எல்லை சிறியது, ஆனால் ஆழம் அதிகம். எந்தக் கருவி, எந்த நொடியில், எந்தச் சுரத்தை, எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தமாக வாசிக்க வேண்டும் என்பதை ஒரு ஒலிகூட எழும்பும் முன்பே தாளில் எழுதி முடிப்பவர்தான் அங்கே இசையமைப்பாளர். அந்தத் தாள்களுக்கு ஸ்கோர் என்று பெயர். எல்லாக் கருவிகளின் வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே பக்கத்தில் இருக்கும்.

'ஆர்க்கெஸ்ட்ரா' என்ற சொல்லும் அப்படித்தான். கல்யாண வீட்டில் பாடும் மெல்லிசைக் குழுவை நாம் அப்படி அழைக்கிறோம். இங்கே நான் சொல்வது எண்பது, நூறு பேர் சேர்ந்து வாசிக்கும் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை. அவர்கள் முன் நிற்பவரைக் 'கண்டக்டர்' என்றால் பஸ் நினைவுக்கு வரும் என்பதால், இசை நடத்துநர் என்றே எழுதுகிறேன்.

வீட்டு வரைபடமும் மேஸ்திரியும்

வீடு கட்டுகிறோம். இன்ஜினீயர் வரைபடம் கொடுத்துவிட்டார். கொத்தனார், தச்சர், கம்பி கட்டுபவர், மின்சார வேலை பார்ப்பவர் எல்லோரும் வந்துவிட்டார்கள். எல்லோருமே தொழில் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் மேஸ்திரி இல்லாமல் வேலை நடக்காது. முழு வரைபடத்தையும் மனதில் வைத்துக்கொண்டு, 'இப்போது நீ நிறுத்து, அவர் முடிக்கட்டும்' என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

ஸ்கோர் அந்த வரைபடம், இசை நடத்துநர் அந்த மேஸ்திரி. ஆர்க்கெஸ்ட்ராவில் ஒவ்வொரு கலைஞர் முன்னாலும் அவரவர் பகுதி மட்டுமே இருக்கும். எக்காளம் வாசிப்பவருக்குத் தன் வரி தெரியும். பக்கத்தில் வயலின்கள் என்ன வாசிக்கப் போகின்றன என்பது அவர் தாளில் இருக்காது. முழுப் பக்கமும் ஒருவரிடம்தான் இருக்கிறது.

ஆனால் இந்த ஒப்புமை ஓர் இடத்தில் நின்றுவிடும். சுவர் பத்து அடி என்று வரைபடம் சொன்னால் அது பத்து அடிதான். ஸ்கோரோ 'சத்தமாக' என்று சொல்லும். யாரோடு ஒப்பிட்டுச் சத்தம் என்று சொல்லாது. இருபது வயலின்களும் ஒரு புல்லாங்குழலும் ஒரே நேரத்தில் 'சத்தமாக' வாசித்தால் புல்லாங்குழல் காணாமல் போய்விடும். எதைத் தணித்து எதை மேலே கொண்டுவருவது என்ற முடிவுகள் நூற்றுக்கணக்கில் வரும். அவற்றை எடுப்பதுதான் நடத்துநரின் உண்மையான வேலை. அதில் பெரும்பகுதி ஒத்திகையிலேயே முடிந்துவிடுகிறது. கச்சேரியில் நாம் பார்க்கும் கையசைப்பு, ஏற்கெனவே பேசி முடித்தவற்றை நினைவூட்டுவது.

சரி, அந்தக் கை என்ன சொல்கிறது?

இது விசித்திரமான சடங்கு அல்ல, எளிய இயற்பியல். ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் செல்லும். மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை 17 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முனையில் எழும் ஒலி இந்த முனைக்கு வர ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். சிறியதாகத் தோன்றும், ஆனால் பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரைக் காதால் கேட்டு அதன்பின் வாசித்தால், அந்தத் தாமதத்தை நம் காது உடனே கண்டுபிடித்துவிடும். கண்ணுக்குத் தெரியும் அசைவு எல்லோரையும் ஒரே கணத்தில் சென்றடைகிறது. அதனால்தான் கை.

பரதநாட்டியத்தில் நட்டுவனார் தாளத்தைத் தட்டும்போது அந்தச் சத்தமே வழிகாட்டுகிறது. இசை நடத்துநர் சத்தம் போட முடியாது. அதனால் அவர் அடிக்கு முன்னால் ஓர் அசைவு காட்டுகிறார், பாடுவதற்கு முன் மூச்சு எடுப்பதைப் போல. வரப்போகும் ஒலி வேகமா, மெதுவா, கூர்மையா, மென்மையா என்பதெல்லாம் அந்த முன்னசைவிலேயே இருக்கிறது. ஆர்க்கெஸ்ட்ரா அதைப் படித்துத்தான் வாசிக்கிறது. எனவே நடத்துநர் இசையின் பின்னால் போவதில்லை, எப்போதும் ஒரு மூச்சு முன்னால் நிற்கிறார்.

வழக்கமாக வலது கை தாளத்தையும், இடது கை ஒலியின் அளவையும், 'இப்போது நீங்கள்' என்ற அழைப்பையும் காட்டும். பெரும்பாலான நடத்துநர்கள் வலது கையில் பேட்டன் என்ற மெல்லிய குச்சியை வைத்திருப்பார்கள். பூலெஸ் அதைப் பயன்படுத்தவில்லை. வெறும் கைகள், அளவான அசைவு, பெரிய பாவனைகள் கிடையாது. அவர் நடத்தும் காணொளிகளைப் பாருங்கள். போக்குவரத்தை ஒழுங்குபடுத்துகிறவர் போல அமைதியாக இருப்பார், ஆனால் ஒலி தெள்ளத்தெளிவாக வந்துகொண்டிருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: இசையமைப்பாளர் எழுதுகிறார், நடத்துநர் முழுப் பக்கத்தையும் கேட்டுச் சமன் செய்கிறார், கை அதற்கான ஒளிவேகச் செய்தி. அந்த இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன ஆகும் என்று இனிப் பார்ப்போம்.

மோன்பிரிசோனிலிருந்து பாரிஸுக்கு

பூலெஸ் பிறந்தது மத்திய பிரான்ஸில் உள்ள மோன்பிரிசோன் என்ற சிறிய ஊரில். அப்பா பொறியாளர். மகனும் அந்த வழியில் போவான் என்பது வீட்டின் எதிர்பார்ப்பு. லியோன் நகரில் கணிதம் படிக்கத் தொடங்கினார். 1943இல் இசைக்காகப் பாரிஸ் வந்துவிட்டார். அங்கே இசைக்கல்லூரியில் ஒலிவியே மெசியான் என்ற ஆசிரியர் அவருக்குக் கிடைத்தார்.

மெசியான் நமக்கும் கொஞ்சம் நெருக்கமானவர். 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரத்தில் 120 தேசி தாளங்களின் பட்டியல் உண்டு. மெசியான் அதைத் தேடிப் படித்து, அந்தத் தாள அமைப்புகளைத் தன் படைப்புகளில் பயன்படுத்தினார். ஐரோப்பிய இசையில் தாளம் சுரத்துக்குத் துணை மட்டும்தான் என்ற பழக்கத்தை அவர் கேள்வி கேட்டார். தாளத்தைத் தனியாக எடுத்து, வெட்டி, நீட்டி, சுருக்கி ஆராயலாம் என்ற எண்ணம் பூலெஸுக்கு அந்த வகுப்பறையில்தான் வந்து சேர்ந்தது.

பன்னிரண்டு சுரங்களும் ஒரே வரிசையில்

பூலெஸைப் பற்றிப் பேசும்போது 'சீரியல் இசை' என்ற சொல் வந்துவிடும். அத்துடன் 'கணக்குப் போட்டு எழுதிய, உணர்ச்சியே இல்லாத இசை' என்ற தீர்ப்பும் வரும். என்ன நடந்தது என்று பார்க்கலாம்.

ஆர்மோனியத்தில் ஸவிலிருந்து மேல் ஸவுக்குள் பன்னிரண்டு கட்டைகள் இருக்கின்றன. ஒரு ராகம் அவற்றில் சிலவற்றைத் தேர்ந்தெடுக்கிறது. அதிலும் ஷட்ஜம்தான் வீடு. எங்கே சுற்றினாலும் அங்கே திரும்புகிறோம். பழைய ஐரோப்பிய இசையிலும் இப்படி ஒரு வீட்டுச் சுரம் உண்டு. 1920களின் தொடக்கத்தில் வியன்னாவைச் சேர்ந்த அர்னால்ட் ஷோன்பெர்க் வேறொரு வழியை முன்வைத்தார். பன்னிரண்டு சுரங்களையும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் அடுக்கிக்கொள்ள வேண்டும். அந்த வரிசையே இசையின் விதை. எல்லாச் சுரங்களும் சமம், வீடு என்று எதுவும் இல்லை. இப்படி ஒரு வரிசையை அடிப்படையாக வைத்து எழுதும் முறைதான் சீரியல் முறை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த இளைஞர்கள் இன்னும் ஓர் அடி எடுத்துவைத்தார்கள். சுரத்துக்கு வரிசை உண்டென்றால், சுரத்தின் நீளத்துக்கும் சத்தத்தின் அளவுக்கும் ஏன் வரிசை இருக்கக் கூடாது? 1949இல் மெசியான் எழுதிய ஒரு பியானோத் துண்டில் இந்த யோசனையின் தொடக்கம் இருந்தது. அந்தத் துண்டிலிருந்தே ஒரு சுர வரிசையை எடுத்து, பூலெஸ் 1951இல் இரண்டு பியானோக்களுக்கு 'ஸ்ட்ரக்ச்சர்ஸ்' என்ற படைப்பின் முதல் பகுதியை எழுதினார். அதில் சுரம், நீளம், சத்தம், கட்டையை அழுத்தும் விதம் எல்லாமே வரிசைகளால் தீர்மானமாயின. 1952இல் அதை வாசித்தவர்கள் ஆசிரியரும் மாணவரும், மெசியானும் பூலெஸும்.

இந்த இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். பூலெஸ் நிற்கவில்லை. அவருக்கு அது ஒரு சோதனை. இசையமைப்பவரின் விருப்பத்தை எவ்வளவு தூரம் விலக்க முடியும் என்று எல்லை வரை சென்று பார்த்தார், பார்த்துவிட்டுத் திரும்பினார். 1955இல் அரங்கேறிய 'லெ மார்த்தோ சான் மேத்ர்', அதாவது எஜமானன் இல்லாத சுத்தியல், அந்தத் திரும்புதலின் விளைவு. ரெனே ஷார் என்ற கவிஞரின் வரிகளை ஒரு பெண் குரல் பாட, புல்லாங்குழல், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா, கிட்டார், குச்சியால் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோன், சைலோரிம்பா, தாளக்கருவிகள் கூட வருகின்றன. கீழ்ச்சுருதிக் கருவி ஒன்றுமே இல்லை. எல்லாம் காற்றில் மிதப்பது போல இருக்கும். முதன்முறை கேட்டபோது ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். மெட்டைத் தேடுவதை விட்டு, மழைக்குப் பின் ஓட்டுக்கூரையிலிருந்து வெவ்வேறு பாத்திரங்களில் சொட்டும் நீரைக் கேட்பது போலக் கேட்டபோது அது திறந்துகொண்டது.

ஆக, சீரியல் முறை என்பது எழுதுபவர் தனக்கு வைத்துக்கொள்ளும் ஓர் இலக்கணம். வெண்பாவின் தளை எப்படி உணர்ச்சியைத் தடுப்பதில்லையோ, அப்படியே இதுவும். தளையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் கவிதை தட்டுப்படாது.

ஏன் அவரே நடத்த வேண்டியதாயிற்று?

'லெ மார்த்தோ'வின் ஸ்கோரைத் திறந்தால் ஒன்று கண்ணில் படும். நாம் ஆதி தாளத்தில் எட்டு அட்சரம் என்று தொடங்கினால் கடைசி வரை எட்டுதான். இங்கே ஒரு சுற்று ஐந்து, அடுத்தது மூன்று, அதற்கடுத்தது இரண்டரை என்று மாறிக்கொண்டே போகும். 1950களில் இதைச் சரியாக நடத்தத் தெரிந்தவர்கள் ஐரோப்பாவில் மிகச் சிலரே. ஜெர்மனியில் பணியாற்றிய ஹான்ஸ் ரோஸ்பாவ்ட் அவர்களில் ஒருவர். அந்தப் படைப்பைப் பாடன்-பாடன் நகரில் முதலில் நடத்தியவரும் அவர்தான்.

பூலெஸ் நடத்தக் கற்றுக்கொண்டது கல்லூரியில் அல்ல, நாடகக் கொட்டகையில். 1946இலிருந்து பத்து ஆண்டுகள் ரெனோ-பரோ நாடகக் குழுவின் இசைப் பொறுப்பாளராக இருந்தார். நாடகத்துக்கான பின்னணி இசையைச் சிறு குழுவை வைத்து இரவுக்கு இரவு நடத்துவது வேலை. 1954இல் அந்தக் குழுவின் ஆதரவோடு பாரிஸில் ஒரு கச்சேரித் தொடரைத் தொடங்கினார். 'தொமேன் மூசிக்கால்' என்று அது பெயர் பெற்றது. புதிய இசையை அரைகுறையாக வாசித்துவிட்டு 'புரியவில்லை' என்று கைவிடும் வழக்கத்துக்கு எதிரான முயற்சி அது. புதிய இசைக்கு நல்ல ஒத்திகை கொடுத்தால்தான் அது நல்லதா கெட்டதா என்றே கேட்பவருக்குத் தெரியும் என்பது அவர் வாதம். இந்த வாதத்தோடு நான் முழுவதும் ஒத்துப்போகிறேன்.

1959இல் ரோஸ்பாவ்ட் உடல்நலமின்றிப் போக, ஜெர்மனியில் புதிய இசைக்காக நடக்கும் டோனவெஷிங்கன் விழாவில் அவருக்குப் பதிலாகப் பூலெஸ் மேடையேறினார். அப்புறம் கதவுகள் வேகமாகத் திறந்தன. 1963இல் பாரிஸ் ஒப்பெரா அரங்கில் ஆல்பன் பெர்க்கின் 'வோட்செக்' (ஒப்பெரா என்றால் பாடியே நடிக்கும் இசை நாடகம்), 1966இல் ஜெர்மனியின் பைரோய்ட் விழாவில் 19ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் வாக்னரின் 'பார்சிஃபால்', அமெரிக்காவில் கிளீவ்லாந்து ஆர்க்கெஸ்ட்ரா. 1971இல் இரண்டு பெரும் பொறுப்புகள் ஒரே நேரத்தில் வந்தன: லண்டனில் பிபிசி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் தலைமை நடத்துநர், நியூயார்க் பில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநர். நியூயார்க்கில் அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன்.

நியூயார்க்கில் 1973இல் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். அரங்கின் நாற்காலிகளை எடுத்துவிட்டு, தரையில் கம்பளம் விரித்து மக்களை உட்காரச் சொன்னார். நாம் கோயில் கச்சேரியில் ஜமக்காளத்தில் உட்காருவது போல. இளைஞர்கள் திரண்டு வந்தார்கள்.

'ஒப்பெராவை எரிக்கச் சொன்னவர்' என்ற கதை

இதையும் சரிசெய்ய வேண்டும். 1967இல் 'டேர் ஷ்பீகல்' இதழுக்குக் கொடுத்த பேட்டியில், ஒப்பெரா அரங்குகளைத் தகர்த்துவிடுவதுதான் தீர்வு என்ற பொருளில் பூலெஸ் பேசினார். கூர்மையான நாக்கு அவருக்கு. அதை மறுக்க முடியாது. ஆனால் அவர் கோபப்பட்டது பழையதையே திருப்பித் திருப்பிப் போடும் நிர்வாகங்களின் மேல். 2001இல் சுவிட்சர்லாந்துக் காவல்துறை அந்தப் பழைய பேச்சை மனதில் வைத்து, பாசல் நகரில் அவருடைய பாஸ்போர்ட்டைச் சில மணி நேரம் வாங்கி வைத்திருந்தது.

அந்த மனிதர்தான் 1976இல், வாக்னரின் 'ரிங்' என்ற நான்கு ஒப்பெராக்களின் தொடர் அரங்கேறி நூறாண்டு ஆனதையொட்டி, பைரோய்ட்டில் அந்த நான்கையும் நடத்தினார். மேடை இயக்கம் பத்ரீஸ் ஷெரோ. முதல் ஆண்டு கூச்சலும் எதிர்ப்புமாக இருந்தது. 1980இல் கடைசி முறை நடந்தபோது நெடுநேரம் கைதட்டல் ஓயவில்லை. பெர்க் முடிக்காமல் விட்ட 'லுலு' ஒப்பெரா 1979இல் பாரிஸில் முதன்முறையாக முழுமையான மூன்று அங்கங்களோடு நடந்ததும் இவர் கையில்தான்.

தரைக்கு அடியில் ஓர் ஆய்வுக்கூடம்

1970இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ஜோர்ஜ் பொம்பிதூ, நாட்டுக்குத் திரும்பி வந்து ஓர் இசை ஆய்வு நிறுவனத்தை அமைக்கும்படி பூலெஸிடம் கேட்டார். அதுதான் இர்காம். பாரிஸின் பொம்பிதூ மையத்துக்குப் பக்கத்தில் பெரும்பகுதி தரைக்கடியில் கட்டப்பட்டு 1977இல் திறக்கப்பட்டது. சுவர்களையும் கூரையையும் மாற்றியமைத்து எதிரொலியைக் கூட்டவோ குறைக்கவோ கூடிய ஓர் அரங்கம் அங்கே இருக்கிறது. இன்று உலகெங்கும் மின்னணு இசைக்காரர்கள் பயன்படுத்தும் 'மேக்ஸ்' மென்பொருள் 1980களில் அங்கேதான் உருவானது. 1976இல் அவர் தொடங்கிய 'ஆன்சாம்ப்ள் ஆந்தெர்கோந்தாம்போரேன்' என்ற குழு, சமகால இசைக்கென்றே 31 கலைஞர்களை நிரந்தரமாக வைத்துக்கொண்டது. சமகால இசை என்பது 1945க்குப் பின் எழுந்த செவ்வியல் படைப்புகளுக்கான பொதுப்பெயர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்தக் கூடத்தில் விளைந்தது 'ரெபோன்', 1981இல் முதல் வடிவம். பஜனையில் ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடுவோமே, தேவாலயங்களிலும் அப்படி ஒரு பழைய முறை உண்டு. தலைப்பு அதைத்தான் குறிக்கிறது. நடுவில் 24 பேர் கொண்ட குழு, அவர்களைச் சுற்றி ரசிகர்கள், ரசிகர்களைச் சுற்றி ஆறு தனிக்கலைஞர்கள். முதல் சில நிமிடங்கள் நடுக்குழு மட்டும் வாசிக்கும். பிறகு ஆறு பேரும் ஒரே நேரத்தில் ஒரு பெரிய சுரக்கொத்தை மீட்டுவார்கள். அந்தக் கணத்தில் கணினி அவர்கள் ஒலியைப் பிடித்து, மாற்றி, அரங்கைச் சுற்றியுள்ள ஒலிபெருக்கிகளில் சுழலவிடும். வாசிக்கும் அந்த நேரத்திலேயே ஒலியை மாற்றுவதால் இதை நேரடி மின்னணு இசை என்கிறார்கள். முன்பே பதிவு செய்த நாடாவோடு வாசித்தால் கலைஞர் நாடாவுக்கு அடிமை. இங்கே கணினி கலைஞரைப் பின்தொடர்கிறது. மனிதரின் வேகம்தான் முதலில் வரவேண்டும் என்பது மேடையில் நின்று பழகியவரின் பிடிவாதம்.

முடியாத படைப்புகள்

அவர் பெற்ற கிராமி விருதுகள் 26, பெரும்பாலும் நடத்துநராக. எழுதியவற்றைத் திரட்டினாலோ 2013இல் வந்த முழுத் தொகுப்பு 13 குறுந்தகடுகளில் அடங்கிவிட்டது. நடத்தும் வேலை எழுதும் நேரத்தைத் தின்றுவிட்டது என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். கணக்கு அப்படித்தான் காட்டுகிறது. ஆனால் படைப்புகளைக் கேட்டால் எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது.

அவர் பழையதைத் திரும்ப எடுத்து வளர்ப்பவர். 1994இல் பியானோவுக்குச் சில நிமிடங்களாக எழுதிய 'ஆன்சீஸ்', நான்கே ஆண்டில் மூன்று பியானோ, மூன்று ஹார்ப், மூன்று தாளக்கலைஞர்களுக்கான முக்கால் மணி நேரத்தை நெருங்கும் 'சூர் ஆன்சீஸ்' ஆயிற்று. புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். மின்னுகிற, ஓடுகிற ஒலி, யாரையும் விரட்டாது.

அடுத்து 'நொத்தாசியோன்'. இருபது வயதில், 1945இல், பியானோவுக்கு எழுதிய பன்னிரண்டு சிறு துண்டுகள், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டே தாளக்கட்டங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவை அப்படியே கிடந்தன. நியூயார்க் பொறுப்பை 1977இல் விட்ட பிறகு, அவற்றை மாபெரும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு விரிக்க ஆரம்பித்தார். வயலின்களை எத்தனை வரிகள் வரை பிரித்தால் தெளிவு கெடாது, எக்காளம் எந்தச் சுரத்தில் மற்றதை மறைத்துவிடும் என்பதெல்லாம் அதற்குள் அவருக்கு ஒத்திகை ஒத்திகையாகத் தெரிந்திருந்தது. முதல் நான்கும் ஏழாவதும் மட்டும் முடிந்தன. ஏழாவதைப் பியானோவில் ஒருமுறை கேளுங்கள், சிறு துண்டுதான். உடனே ஆர்க்கெஸ்ட்ரா வடிவத்தைப் போடுங்கள். அதே விதையிலிருந்து நிமிடக்கணக்கில் விரியும் அந்த ஒலி, 1945இன் மாணவருக்குத் தெரிந்திருக்கவே முடியாத ஒலி.